ஆய்வில் நேர்மை எங்கே தொடங்குகிறது?

“ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்” என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் இலர். ‘வேரைக் கொண்டவன்’ என்பதே ‘பேரைக் கொன்றவன்’ எனத் திரிந்தது என்று கூறுவாரும் உளர். எது மூலம் என்னும் ஆராய்ச்சி இங்கு நமக்கு வேண்டா. மக்கள் நாவில் நிலைத்தது கொல்லும் பாடமே என்பதை மட்டும் கருதுவோம். மருத்துவனின் கை பழகுவதற்கு யாரோ ஒருவருடைய உடல் விலையாகிறது என்னும் அச்சம் மனத்தில் ஊன்றியிருந்தமையாலன்றோ அப்பாடம் நிலைத்தது! அவ்வச்சம் வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. எத்துணைத் திறமை வாய்ந்த செவிலியரும் ஒரு நாள் தம் முதல் ஊசியை யாரோ ஒருவருக்குப் போட்டே ஆக வேண்டும்.

அந்த முதல் முயற்சியை நோயாளியின் உடலைவிட்டு வேறிடத்திற்கு மாற்ற இயலுமா என்னும் கேள்விக்கு விடையாக எழுந்ததே மாதிரிப் பயிற்சி. விமானம் ஓட்டுவோர் தரையில் உள்ள பொறியில் அமர்ந்து பழகுவது போல, மருத்துவம் பயில்வோர் பொம்மை உடலிலும் நடிக்கும் நோயாளியிடத்திலும் பழகுவதே அது. இது நேற்றுத் தோன்றியதும் அன்று. பிரான்சு நாட்டு மருத்துவச்சி மேடம் து கூத்ரே என்பார் துணியாலும் தோலாலும் பெண்ணுடலும் குழந்தையும் செய்து, அவற்றைக் கொண்டு பேறு பார்க்கும் முறையைக் கற்பித்தார். 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பெண்களைப் பயிற்றினார். அவர் பொம்மைகளுள் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. 1960-இல் நார்வே நாட்டில் பொம்மை செய்து விற்றுவந்த ஆஸ்மண்ட் லேர்டால், மூச்சு நின்றவர்க்கு வாய்வழி மூச்சூட்டப் பழகுவதற்கென்றே ஒரு மனித உருவை ஆக்கினார். 1963-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹோவர்டு பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், நலமுள்ள ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்முன் அமர்த்தினார். நம் நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் திறன் பயிற்சிக் கூடத்தைக் கல்லூரிகளுக்குக் கட்டாயமாக்கியது.

கூடம் கட்டியாயிற்று, பொம்மையும் வாங்கியாயிற்று. அதில் பழகிய கை, நோயாளியிடத்திலும் நன்றாகச் செய்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? அறிவதற்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்குத் திட்டம் வேண்டும். திட்டமிடல் என்றவுடன் படிவம் நிரப்புவதும் பணம் கேட்டு விண்ணப்பிப்பதுமே பலர் நினைவுக்கு வருகின்றன. அறம் என்பது பின்னர், முடிவை எழுதும்போது வருவது என எண்ணுகின்றனர். நம் கருத்து வேறு. ஓர் ஆய்வு மெய்யாகுமா பொய்யாகுமா என்பது, பெரும்பாலும், முதல் மாணவி பொம்மையைத் தொடுவதற்கு முன்பே திட்டத்தில் தீர்ந்துவிடுகிறது. இதனை ஒரு கற்பனைக் கல்லூரியை முன்வைத்துப் படிப்படியாக ஆராய்வோம்.

மகிழ்ச்சி சான்றாகுமா?

செவிலியர் கல்லூரி ஒன்றில் 60 மாணவியர் பயில்கின்றனர் எனக் கொள்வோம். குளுக்கோஸ் ஏற்றுவதற்காகக் கையின் இரத்தக் குழாயில் ஊசிக்குழலைச் செருகும் திறனை, ரப்பர்க் கையில் பழக்க ஆசிரியர் விரும்புகிறார். பழக்கியபின் “பயிற்சி பயனுடையதாக இருந்ததா?” என ஒரு தாளில் கேட்கிறார். 55 பேர் “மிகவும் பயனுடையது” என எழுதுகின்றனர். உடனே, ‘மாதிரிப் பயிற்சி வெற்றி’ என்று கட்டுரை எழுதிவிடலாமா?

ஆசிரியர் பயிற்சி பெற்றோர்க்கு இதன் விடை தெரியும். பயிற்சிக் காலத்தில் நாங்கள் உடன்பயில்வோரையே மாணவராக அமர்த்திப் பாடம் நடத்திப் பழகினோம். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய நுண்ணிலைக் கற்பித்தலும் இவ்வகையதே. சில மாணவர், சில நிமிடம், ஒரே ஒரு திறன் என்பது அதன் முறை. அத்தகைய வகுப்பில் கேள்வி கேட்டவுடன் விடை வரும். பாடம் முடிந்ததும் “நன்றாக இருந்தது” என எல்லாரும் சொல்வர். ஆனால் நாற்பது பிள்ளைகள் அமர்ந்த உண்மை வகுப்பில், ஒருவன் அழ, ஒருவன் சன்னல் வழியே வேடிக்கை பார்க்க, அதே திறன் கைகொடுக்கிறதா என்பதன்றோ கேள்வி! முன்னதை அளந்துவிட்டுப் பின்னதற்குச் சான்று கூறுதல் பொருந்தாது.

டொனால்டு கிர்க்பாட்ரிக் என்னும் அமெரிக்க அறிஞர் 1959-இல் பயிற்சியின் பயனை நான்கு படிகளாகப் பகுத்தார். பயின்றோர் விரும்பினரா என்பது முதற்படி. கற்றனரா என்பது இரண்டாம் படி. பணியிடத்தில் நடத்தை மாறிற்றா என்பது மூன்றாம் படி. அதனால் விளைந்த பயன் யாது என்பது நான்காம் படி. முதற்படியில் நின்றுகொண்டு நான்காம் படியைப் பற்றிப் பேசுவது எளிது; அவ்வாறு பேசுவோர் பலர். எந்தப் படியை அளக்கப்போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது, பின்னர் வரம்பு மீறிப் பேசாதவாறு நம் நாவுக்கு நாமே இடும் கட்டு.

எதனோடு ஒப்பிடுவது?

அடுத்தது ஒப்பீடு. ரப்பர்க் கையில் பழகிய 30 பேரை, ஒன்றுமே பழகாத 30 பேருடன் ஒப்பிட்டால் யார் வெல்வர்? இதற்கு ஆய்வு வேண்டுமா? 2011-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டேவிட் குக் முதலியோர், மருத்துவ மாதிரிப் பயிற்சி பற்றிய 609 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். ஒன்றுமே கற்பிக்காமையோடு ஒப்பிடுகையில், மாதிரிப் பயிற்சி அறிவையும் திறனையும் நடத்தையையும் பெரிதும் உயர்த்துகிறது என்றும், நோயாளியின் நலனில் ஓரளவு பயன் தருகிறது என்றும் கண்டனர். விடை தெரிந்த இக்கேள்வியை மேலும் ஒருமுறை கேட்பது வெற்றி உறுதியான பந்தயத்தில் ஓடுவதை ஒக்கும்.

நேர்மையான ஒப்பீடு எதுவென்பதற்குக் கனடாவின் டொரண்டோ நகரில் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. சிறுநீர்க் குழாயினுள் நோக்குக் கருவியைச் செலுத்திக் கல்லை எடுக்கும் திறனை 40 மருத்துவ மாணவர்க்குக் கற்பித்தனர். ஒரு குழுவுக்கு விரிவுரை மட்டும். ஒரு குழுவுக்கு 3,700 கனடா டாலர் விலையுள்ள நுட்பமான மாதிரி. மற்றொரு குழுவுக்கு ரப்பர்க் குழாய், கவிழ்த்த தெர்மாகோல் குவளை, உறிஞ்சுகுழல் முதலியவற்றால் 20 டாலரில் செய்த மாதிரி. கையால் பழகிய இரு குழுவினரும் விரிவுரை கேட்டோரினும் சிறந்து விளங்கினர். ஆயின் 3,700 டாலர்க் குழுவுக்கும் 20 டாலர்க் குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

விலையுயர்ந்த மாதிரியை ‘ஒன்றுமில்லாமை’யோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் அது வெற்றி பெற்றதாகவே அறிவிக்கப்பட்டிருக்கும், ஏழைக் கல்லூரிகளும் கடன் வாங்கியேனும் அதை வாங்க முயன்றிருக்கும். இந்த ஆய்விலும் ஒரு வரம்பு உண்டு. தேர்வு நடந்தது மாதிரியின்மேலேயே அன்றி நோயாளியின்மேல் அன்று. அவ்வரம்பை மறவாமல் அதன் முடிவைக் கொள்ள வேண்டும்.

யாருக்கு எது?

நம் கற்பனைக் கல்லூரியில் 30 பேரைப் பழைய முறையிலும், 30 பேரை அதே நேர அளவில் ரப்பர்க் கையிலும் பழக்குவதாக முடிவு செய்தாயிற்று. எந்த 30 பேர்? ஆசிரியர் தேர்ந்தால், அவரறியாமலே சுறுசுறுப்பானவர் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவர். விருப்பமுள்ளோர் வரலாம் என்றால், துணிவுள்ளோர் முன்வருவர், அச்சமுள்ளோர் பின்தங்குவர். ஆகையால் குலுக்கல் முறையே தக்கது. அறிஞர் கையிலிருந்து தேர்வைப் பிடுங்கிச் சீட்டின் கையில் கொடுப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் நம் பற்று எந்த வழியாக நுழையும் என்று நமக்கே தெரியாதபோது, பற்றற்ற சீட்டே நல்ல நடுவர்.

இங்கு ஓர் அறச்சிக்கல் எழுகிறது. நல்லதென்று நாம் கருதும் பயிற்சியைப் பாதிப் பேருக்கு மறுப்பது முறையா? மறுக்கப்பட்டவர் நாளை நோயாளியின் கையில் நான்கு முறை குத்தினால் அந்த வலிக்குப் பொறுப்பாளி யார்? சிந்தித்தால் இதற்கு இரு நிலைகளில் விடை கிடைக்கும். எது சிறந்தது என்று மெய்யாகவே தெரியாத நிலையில், இரு குழுவுக்கும் நிறைவான பயிற்சி அளித்து ஒப்பிடுவது குற்றமாகாது. ஆய்வு முடிந்தபின் எது சிறந்ததோ அதனை மற்றவர்க்கும் அளித்துவிட வேண்டும். ஏற்கெனவே தெரிந்துவிட்ட நிலையிலோ, ஆய்வின் பெயரால் மறுப்பது குற்றமே. தெரியாது என்று நாம் சொல்வது உண்மையா, வசதிக்காகச் சொல்வதா என்பதை நூலகத்திற்குச் சென்று, முன்னோர் செய்தவற்றைப் படித்தே உறுதி செய்ய முடியும். எனவே படிப்பதும் அறத்தின் பகுதியே.

யாருக்கும் மறுக்க இயலாத இடங்களில் வேறு வழியும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் மருத்துவமனையார், பேற்றின்போது குழந்தையின் தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் இடர்ப்பாட்டைக் கையாளும் முறையைத் தம் பணியாளர் அனைவர்க்கும் பொம்மை கொண்டு பயிற்றினர். பயிற்சிக்கு முந்திய 1996 முதல் 1999 வரையிலான ஆண்டுகளையும், பிந்திய 2001 முதல் 2004 வரையிலான ஆண்டுகளையும் ஒப்பிட்டு 2008-இல் முடிவை வெளியிட்டனர். அவ்விடர்ப்பாடு நேர்ந்த பேறுகளில் காயமுற்ற குழந்தைகள் 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 விழுக்காடாகக் குறைந்தனர். நான்காம் படியை அளந்த ஆய்வு இது. ஆயினும் முன்–பின் ஒப்பீட்டில், இடைப்பட்ட காலத்தில் வேறு மாற்றங்களும் நிகழ்ந்திருக்கலாம் என்னும் ஐயம் எஞ்சும். 2009-இல் வெளிவந்த சிகாகோ ஆய்வு இந்த ஐயத்தைக் குறைக்க முயன்றது. உடலின் பெரிய இரத்தக் குழாயில் குழல் செருகுவதை மாதிரியில் பழகிய மருத்துவர் பணியாற்றிய தீவிர சிகிச்சைப் பிரிவில், குழல் வழித் தொற்று, குழல் இருந்த 1,000 நாள்களுக்கு 3.20 என்பதிலிருந்து 0.50 ஆயிற்று. அப்பிரிவின் பழைய நிலையோடு மட்டும் ஒப்பிடாமல், அதே மருத்துவமனையின் வேறொரு பிரிவோடும் ஒப்பிட்டமை அதன் சிறப்பு.

அளப்பவர் யார்?

பயிற்சி தந்த ஆசிரியரே மதிப்பெண்ணும் இட்டால், தம் பிள்ளைக்குத் தாமே பரிசு வழங்கும் தந்தையின் நிலைதான். யேல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், அறுவை மருத்துவம் பயிலும் 16 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைக் கணினி மாதிரியில் கூடுதலாகப் பழக்கினர். பின்னர் எல்லாரும் நோயாளியரிடத்தில் சிறுதுளை வழிப் பித்தப்பை அறுவையைச் செய்தனர். அதன் படப்பதிவை மதிப்பிட்டோர்க்கு எவர் எந்தக் குழு என்பது மறைக்கப்பட்டது. கணினி மாதிரியில் பழகியோர் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 விழுக்காடு விரைவாகச் செய்தனர், பிழைகளும் குறைந்தன. மதிப்பிடுவோரின் கண்ணைக் கட்டியதே அம்முடிவுக்கு வலிமை தந்தது.

நம் கல்லூரியிலும் அவ்வாறே செய்யலாம். முதல் பத்து நோயாளியரில் எத்தனை பேருக்கு ஒரே குத்தில் ஊசிக்குழல் ஏறிற்று என்பதை, குழு அறியாத ஒருவர் எண்ணட்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணட்டும்; மறுநாள் இருந்த திறன் மழைக்காலம் முடியும்வரை நிற்கிறதா எனத் தெரியும். எத்தனை பேர் இருந்தால் முடிவு நம்பத்தக்கது என்பதையும் புள்ளியியல் அறிந்தாரிடம் முன்னரே கேட்டுக் கணக்கிட வேண்டும். 60 பேர் போதாதெனில் வேறு கல்லூரியுடன் சேர வேண்டும். போதாத எண்ணிக்கையில் ஆய்வு நடத்துவது, மாணவியரின் உழைப்பையும் நோயாளியரின் பொறுமையையும் பெற்றுக்கொண்டு ஒன்றும் திருப்பித் தராமல் இருப்பதாகும்.

மாணவி ‘மாட்டேன்’ என்று சொல்லக்கூடுமா?

ஆசிரியராக நெடுநாள் இருந்தோர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். வகுப்பில் நாம் “யாருக்கேனும் விருப்பமில்லையா?” என்று கேட்டால் எந்தக் கை உயரும்? அகமதிப்பெண் நம் கையில் உள்ளபோது மாணவியின் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆய்வில் தனிக் காப்பு வேண்டுவோருள் மாணவரையும் எண்ணியது இதனாலேயே. ஆகவே சம்மதம் கேட்பவர் மதிப்பெண் இடாத வேறொருவராக இருத்தல் வேண்டும். ஆய்வில் சேர மறுத்தவளுக்கும் பயிற்சி குறையாமல் கிடைக்க வேண்டும். பொம்மையின் முன் ஒருத்தி கைநடுங்கித் தவறிய படப்பதிவு, ஆய்வு முடிந்தபின் எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். தவறுவதற்கு இடம் தருவதே மாதிரிப் பயிற்சியின் தொண்டு. அங்குச் செய்த தவறு நாளை அவளைச் சுட்டும் விரலானால் அத்தொண்டு கெட்டது. ஊசியைத் தாங்கும் நோயாளியும் இந்த ஆய்வில் பங்கு கொள்கிறார். அவருக்கும் சொல்லி, அவர் இசைவையும் பெறுவது கடன்.

நாம் விரும்பும் விடை

உயிர்க்கு ஊறு செய்யாமையைப் போற்றும் நம்மனோர்க்கு இப்பொருளில் தனி ஈடுபாடு உண்டு. 2014-இல், அந்நாளில் இயங்கிய இந்திய மருத்துவக் கவுன்சில், இளநிலை மருத்துவ மாணவர்க்கு உடலியங்கியலும் மருந்தியலும் கற்பிக்க விலங்குகளைப் பயன்படுத்துவதற்கு மாற்றாகக் கணினி வழிப் பாடங்களைக் கொள்ளுமாறு விதித்தது. தவளையும் முயலும் தப்பின என்று நாம் மகிழ்ந்தோம், அம்மகிழ்ச்சி தக்கதே. ஆனால் மகிழ்ச்சியுடையோரே மிக விழிப்பாக இருக்க வேண்டும். ‘மாதிரியில் கற்றவர் குறைவின்றிக் கற்றனர்’ என்னும் விடையை நாம் விரும்புகிறோம். விரும்பும் விடைக்கு நாம் வழக்கறிஞராகி விடுவோம். நீதிபதியாக நிற்க மாட்டோம். பொருந்தாத எண்களை மறந்து, பொருந்தியவற்றை மட்டும் எடுத்துக்காட்ட மனம் துணியும்.

இதற்கு மருந்து, முன்கூட்டியே எழுதிப் பொதுவில் வைத்துவிடுவது. எதனை அளப்போம், எப்போது அளப்போம், எந்த முடிவு வந்தால் நம் கருதுகோள் தோற்றதென ஏற்போம் என்பவற்றை ஆய்வுக்கு முன்பே பதிவு செய்யலாம். நம் நாட்டில் இத்தகைய பதிவுக்கென 2007 முதல் மருத்துவ ஆய்வுப் பதிவேடு ஒன்று உள்ளது. வேறுபாடு இல்லை என்று முடிவு வந்தாலும் வெளியிடுவோம் என்னும் உறுதியும் அதனோடு சேர வேண்டும். உயிர்களுக்கு நன்மை வேண்டுவோர் பொய்ச்சான்றால் அதனைக் காக்க முயன்றால், அப்பொய் வெளிப்படும் நாளில் நல்ல நோக்கமும் சேர்ந்தே பழிக்கப்படும்.

கடமையெனில் ஆய்வு எதற்கு?

ஒரு தடை எழலாம். 2003-இல் இஸ்ரேல் நாட்டு மருத்துவர் அமித்தாய் ஸிவ் முதலியோர், மாதிரிப் பயிற்சி அளிப்பது அறக்கடமை என்றே கட்டுரை எழுதினர். கடமையென்று தெளிந்தபின் ஆராய்ந்துகொண்டிருப்பது காலத்தை வீணாக்குவதன்றோ? நூறு விதிகளைச் சொல்லிச் சிறிய கல்லூரியின் ஆர்வத்தை அணைப்பதன்றோ? தடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஒவ்வோர் ஆசிரியரும் ஆய்வாளராக வேண்டுவதில்லை. தம் மாணவியரைப் பொம்மையில் பழக்கி, தேறினரா எனப் பார்த்து, குறையைத் திருத்துவது நல்லாசிரியரின் அன்றாடப் பணி. அதற்கு எவர் அனுமதியும் வேண்டா. ஆனால் ‘இதுவே சிறந்தது; நீங்களும் செய்யுங்கள்’ என்று ஊருக்கு உரைக்கும்போது பொறுப்புப் பெருகுகிறது. அச்சொல்லை நம்பி ஒரு கல்லூரி பணம் செலவிடும். மற்றொரு பயிற்சியைக் கைவிடும். தீங்கைக் குறைப்பது கடமையெனில், எது உண்மையாகவே தீங்கைக் குறைக்கிறது என்று அறிவதும் அக்கடமையுள் அடங்கியதே.

மருத்துவமும் செவிலியமும் பயிலும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் உளர். சிலர் கற்பிக்கும் நிலைக்கும் உயர்ந்துள்ளனர். அவர்கள் ஓர் ஆய்வைத் தொடங்குவதாகச் சொன்னால், எப்போது முடியும், பட்டம் எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதிருப்போம். எதனோடு ஒப்பிடுகிறாய், யார் அளக்கிறார், உன் எண்ணம் தவறென்று காட்டக்கூடிய முடிவு எது என்றும் கேட்போம். மருத்துவம் அறியாத தாயும் இம்மூன்றையும் கேட்கலாம். மூன்றாம் கேள்விக்கு விடை இல்லையெனில், திட்டத்தைத் திரும்ப எழுதச் சொல்வோம். ஊசிக்காகக் கை நீட்டப்போகும் நோயாளியை எண்ணி அதனை எழுதட்டும்.